வில்லுக்குப் போட்ட கையெழுத்து

ஏழுமலை,

'அன்புள்ள' என்று எழுதி, அதை அடித்துவிட்டுத்தான் உன் பெயரை எழுதுகிறேன். அடித்த கோடு உன் கண்ணில் படட்டும் என்றுதான் தாளை மாற்றவில்லை. நீ ஓசூருக்கு மாற்றலாகிப் போய் மூன்று மாதம் ஆகிறது. இரண்டு கடிதம் போட்டாய். ஒன்றில் மெஸ் சாப்பாட்டில் காரம் இல்லை என்று இருந்தது. இன்னொன்றில் தை மாதக் கல்யாணத்துக்கு மண்டபம் எது, படப்பைப் பெண் வீட்டாருக்கு எத்தனை பத்திரிகை கொடுப்பது என்று இருந்தது. ஏரிக்கரை மைதானம் என்ன ஆயிற்று என்று ஒரு வரி இல்லை. கோமளா எப்படி அம்பு விடுகிறாள் என்று ஒரு வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சாப்பாட்டைக்கூட மறந்து அங்கேயே கிடந்தவன் நீ. உன் கடிதத்தில் அது இல்லை என்றதுமே எனக்குச் சுருக்கென்று இருந்திருக்க வேண்டும். பிள்ளைக்குப் புது இடம், வேலை அதிகம் என்று உனக்காக நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெற்றவளுக்குப் புத்தி மட்டு என்பது இந்த வயதில் தெரிகிறது.

உன் தங்கை என்னோடு பேசி இன்றைக்கு ஒன்பதாவது நாள். பேசவில்லை என்றால் சண்டை போட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது இல்லை. அதெல்லாம் எனக்குப் பழக்கம், சமாளித்துவிடுவேன். இது வேறு. நான் போட்டு வைத்த சோற்றைத் தொடுவதில்லை. நான் சத்துணவு மையத்துக்குக் கிளம்பிய பிறகு தானே போட்டுத் தின்கிறாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஒருத்தி வாயை மூடிக்கொண்டால் சுவரோடுதான் பேச வேண்டும். ஏன் என்று கேட்க மாட்டாய். உனக்குத் தெரியும். ஆனாலும் நான் சொல்லத்தான் போகிறேன். நீ செய்தது கடைசியில் யார் தலையில் வந்து விடிந்தது என்பது மட்டும் உனக்குத் தெரியாது.

முதலில் என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உன்னுடையதற்கு வருகிறேன். அவளுக்கு முதல் வில்லைச் செய்து கொடுத்தது நீதான். மூங்கிலைப் பிளந்து, நெருப்பில் வாட்டி வளைத்து, கம்பெனியில் பெட்டி கட்டுகிற நைலான் கயிற்றை நாணாகக் கட்டினாய். அவளுக்கு அப்போது பதிமூன்று வயது. மூன்றாம் நாளே அம்பு போய்க் கன்னியம்மாவின் ஆட்டுத் தொடையில் குத்தியது. கன்னியம்மா தெருவையே கூட்டினாள். ஆடு அந்தப் பக்கம் போய் நிம்மதியாக முருங்கைத் தழை தின்றுகொண்டிருந்தது, மானம் போனது எனக்கு. அப்பன் இல்லாத பெண்ணை அவிழ்த்துவிட்டு வளர்க்கிறாள் என்று ஒருத்தி சொன்னாள். அந்த ஒரு பேச்சுக்காக நான் வில்லைப் பிடுங்கிக்கொண்டு போய், மையத்து அடுப்பில், அத்தனை பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்து பார்க்க, முறித்துப் போட்டு எரித்தேன். கோமளா அழவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு நீ என்னிடம் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"ஆட்டுக்கு இன்னாம்மா ஆச்சி, அது மேஞ்சிக்கினு கீது. இவளுக்குத்தான் ஆயிடிச்சி."

அப்படிச் சொன்ன வாய் உன் வாய். அதனால்தான் எனக்குக் கோபம் அடங்கவே மாட்டேன் என்கிறது. வேறு எவனாவது செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

நீ சொன்னது என்னை அறைந்தது. அதற்குப் பிறகு நான் குறுக்கே நிற்கவில்லை. நீயும் கம்பெனி நண்பர்கள் மூன்று பேரும் ஏரிக்கரைக்குக் கீழே முள் வெட்டி இடத்தைச் சுத்தம் செய்தீர்கள். திருவிழாவில் பலூன் சுடுகிற காற்றுத் துப்பாக்கிதான், அதிலேயே கொஞ்சம் நல்லதாக இரண்டு, உன் பெயரில் ரசீது போட்டு வாங்கி வந்தாய். ஷிப்ட் முடிந்து ஓ.டி.யும் பார்த்துவிட்டு வந்த பையன்கள் ஞாயிற்றுக்கிழமை சாராயக் கடைக்குப் போகாமல் அட்டையில் வட்டம் போட்டுச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். தண்டலம் கல்லூரி பி.டி. மாஸ்டர் சைக்கிளில் வந்து எட்டிப் பார்த்தவர், அடுத்த வாரமே இரண்டு நிஜ வில் கொண்டுவந்து பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார். கரை மேல் ஆள் ஏறிப் பார்த்து, ஆடு மாடு மனுஷர் யாரும் இல்லை என்று கை காட்டி, சிவப்புத் துணி கட்டின பிறகுதான் முதல் அம்பு என்ற சட்டத்தைப் போட்டது யார்? நான். அந்தச் சிவப்புத் துணி என் கல்யாணத்துக்கு மறு வருஷம் உன் அப்பா எடுத்துக் கொடுத்த புடவையில் கிழித்தது. நாலு வருஷத்தில் ஒரு கோழிக்குக்கூட அடிபடவில்லை. கன்னியம்மாவின் பேத்தியே வந்து வில் பிடித்தாள். கோமளா மாவட்டப் போட்டியில் கோப்பை வாங்கி வந்தபோது ஊரே கைதட்டியது. கைதட்டுவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்து ஆள் என்று சொன்னாலே பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஒரு பார்வை பார்த்தான். நம் ஊருக்கும் போலீஸ் வந்தது. காற்றுத் துப்பாக்கி இரண்டையும் கோணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். ரசீது உன் பெயரில் இருந்ததால் உன்னைக் கூப்பிட்டார்கள். யாரும் உன்மேல் கை வைக்கவில்லை, ஆனால் காலையிலிருந்து பொழுது சாயும்வரை பெஞ்சில் உட்கார வைத்து, வந்தவர் போனவர் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கிராமத்தானுக்கு எதற்கடா துப்பாக்கி? நீ வீட்டுக்கு வந்து ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். அன்றைக்கு உன் தலையில் கை வைத்து, நீ செய்ததில் ஒரு தப்பும் இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன்? காலம் கெட்டுக் கிடக்கிறது, கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் போகாதே என்றேன். உன் பயத்துக்கு நானே சோறு போட்டு வளர்த்தேன். இது என் இரண்டாவது பாவம்.

ஆடி மாதம் அதே கோணியோடு துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள், குற்றம் ஒன்றும் இல்லை என்று. அங்கேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் ஏரிக்கரை நிலம் புறம்போக்கு என்பது அப்போதுதான் தாலுகா ஆபீசுக்கு ஞாபகம் வந்தது. மைதானம் தொடர வேண்டும் என்றால் ஊர் மக்கள் ஆதரவு இருப்பதாக மனு கொடுங்கள் என்றார்கள். எனக்கு இதில் வயிறு எரிகிறது, ஏழுமலை. பட்டணத்தில் பெரிய மனிதர்கள் கிளப் கட்டி வைத்துச் சுடுகிறார்கள், அதற்குப் பெயர் விளையாட்டு. நம் பிள்ளைகள் வைக்கோல் கட்டில் அட்டையைக் குத்தி வைத்துச் சுட்டால் அதற்கு ஊரைக் கேட்க வேண்டும். கிரிக்கெட் ஆடுகிறவன் பந்தடித்து மூன்று வீட்டு ஓட்டை உடைத்தான், அவனை யாரும் மனு கேட்கவில்லை. கேட்டார்களே என்று நானும் கிளம்பினேன். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள் நான், கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார்கள் என்ற திமிர் எனக்கும் இருந்தது.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். மனு என்றால் முதலில் கையெழுத்து, அப்புறம்தான் எழுத்து. வேலைக்குப் போகிறவர்களை மறுபடி மறுபடி பிடிக்க முடியாது, ஸ்ரீபெரும்புதூர் டைப் கடைக்காரனும் நினைத்த நேரத்தில் அடித்துத் தர மாட்டான். அதனால் வெள்ளைத் தாளில் வரிசையாகக் கையெழுத்தை வாங்கிவிட்டு, பிறகு அடித்த மனுவோடு பின் போட்டுவிடுவோம். ரோடுக்கு, தண்ணீர்க் குழாய்க்கு, பஸ் நிறுத்தத்துக்கு, எல்லாவற்றுக்கும் அப்படித்தான் செய்தோம். இதற்கும் செய்தோம். நாலு தாள். முதல் தாளில் முதல் கையெழுத்து என்னுடையது. கன்னியம்மா மையத்து மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தி ரேகை வைத்தாள். வைக்கும்போது, பழைய ஆட்டுக் கதையைச் சொல்லிச் சிரித்தாள். நாலு தாளையும் உன் கையில்தான் கொடுத்தேன். அழகாக மனு எழுதத் தெரிந்தவன் நீ. ஓசூருக்கு பஸ் ஏறுவதற்கு முதல் நாள், அடித்து வி.ஏ.ஓ. ஆபீசில் கொடுத்துவிட்டேன் என்று சொன்னாய். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய்.

போன வாரம் கோமளா இருப்பிடச் சான்று வாங்க அதே ஆபீசுக்குப் போனாள். மார்கழியில் மாநிலப் போட்டி, அதற்குக் கட்டாயம் வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். மேஜைமேல் மனு இருந்திருக்கிறது. நின்றபடியே படித்திருக்கிறாள். மேற்படி இடத்தில் வில், துப்பாக்கிப் பயிற்சி நடப்பது பொதுமக்களுக்கு அச்சமாக இருப்பதால் உடனே மூடித் தருமாறு கீழே கையொப்பமிட்ட ஊர் மக்கள் கேட்டுக்கொள்கிறோம். கீழே முதல் கையெழுத்து அவளைப் பெற்றவளுடையது. அடுத்தது எதிர் வீடு, அதற்கடுத்து அவளோடு வில் பிடிக்கிற பிள்ளைகளின் அப்பா அம்மா, அப்புறம் கன்னியம்மாவின் ரேகை. கோப்பைக்குக் கைதட்டின அத்தனை பேரும் வரிசையாக நின்று அவளுக்குக் கதவைச் சாத்தின மாதிரி இருந்திருக்கும். அதற்கு முதல் நாள்தான் மைதானத்துக்குக் கயிறு கட்டியிருந்தார்கள், ஏன் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. சான்று வாங்காமலே திரும்பி வந்தாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசற்படியில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஒருவாட்டி எரிச்சது பத்தலியாம்மா?"

எனக்கு விளங்கவே இல்லை. விளங்காமல் விழித்ததை அவள் குற்றமுள்ளவள் விழிப்பதாக எடுத்துக்கொண்டாள். அவள் உள்ளே போய்விட்ட பிறகு நான் ஈரக் கையோடு ஆபீசுக்கு ஓடினேன். வி.ஏ.ஓ. மனுவை எடுத்துக் காட்டினார். அடியில் பேனாவில் 'இணைப்பு: கையொப்பத் தாள்கள் நான்கு' என்று எழுதியிருந்தது. உன் 'ண'வையும் 'ள'வையும் நான் அறியாமல் வேறு யார் அறிவார்கள்? சிலேட்டில் உன் கையைப் பிடித்து எழுதப் பழக்கினவள் நான். "உங்க புள்ளதானேம்மா கொண்டாந்து குட்த்துச்சி, நீங்க இன்னா புதுசா கேக்குறீங்க" என்றார் அவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மனுவை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

நீ ஏன் செய்தாய் என்று எனக்குத் தெரியும். கம்பெனியில் நிரந்தரம் ஆகிற நேரம். படப்பையில் பெண் கேட்ட நேரம். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்ட பையன் என்ற பேச்சு அங்கே போய்விடக் கூடாது. மைதானம் இருந்தால் துப்பாக்கி இருக்கும், துப்பாக்கி இருந்தால் ரசீது இருக்கும், ரசீதில் உன் பெயர் இருக்கும். மைதானமே இல்லாமல் போனால் எல்லாம் தொலைந்தது என்று நினைத்திருப்பாய். பயப்பட்டதற்காக நான் உன்னைத் திட்டவில்லை. பயம் யாருக்கு இல்லை? ரசீதைக் கிழித்திருக்கலாம். துப்பாக்கிகளை மாஸ்டர் பெயருக்கு மாற்றிக் கொடுத்திருக்கலாம். என்னால் முடியாது, என்னை விட்டுவிடுங்கள் என்று ஊரிலே சொல்லியிருக்கலாம், ஒருவரும் உன்னைக் கோழை என்றிருக்க மாட்டார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு உன் பயத்தை ஊரின் பயம் என்று டைப் அடித்துக் கொடுத்தாய். எங்கள் அத்தனை பேர் கையையும் பிடித்து உன் தங்கையின் மேல் வைத்து அழுத்தினாய். இதை நினைக்கும்போதெல்லாம் அடுப்பில் ஏற்றின உலையைக்கூட மறந்துபோகிறேன்.

நான் அவளிடம் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லாமல் இருக்கிறேன் என்று தப்புக் கணக்குப் போடாதே. முதல் நாள் வாயைத் திறக்கத்தான் போனேன். அப்போது எனக்கு ஒன்று உறைத்தது. என் பெயரைப் பார்த்ததும் அவள் நம்பிவிட்டாள். இது அம்மா செய்திருப்பாளா என்று ஒரு கேள்வி வரவில்லை அவளுக்கு. நாலு வருஷம் கழித்தும் அந்த அடுப்பு அவளுக்குள் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அது நான் சம்பாதித்தது, அனுபவிக்கிறேன். உன்னுடையதை நான் சொன்னால் அண்ணன்மேல் பழி போட்டுத் தப்பிக்கிறாள் என்பாள். அதையும் மீறி நம்பினால் அவளுக்கு அண்ணன் என்று ஒருவன் இருக்க மாட்டான். நான் சொல்லி அவளுக்குத் தெரிவதும் நீ சொல்லித் தெரிவதும் ஒன்றில்லை.

ஆனால் சும்மா உட்கார்ந்துவிடவில்லை. இந்த ஒன்பது நாளும் மையத்தைப் பூட்டின பிறகு வீடு வீடாகப் போனேன். உங்கள் கையெழுத்து தப்பான மனுவில் சேர்ந்துவிட்டது என்றேன். யாரால் என்று கேட்டார்கள், என்னால் என்றேன். சிலர் சிரித்தார்கள். சத்துணவு டீச்சருக்கு வயசாயிடுச்சி என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார். இந்தத் தடவை மனுவைத் தாளின் மேலே என் கையாலேயே எழுதிக்கொண்டு போய், ஒவ்வொரு வாசலிலும் முழுதாக வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பேனாவை நீட்டினேன். அப்போதுதான் ஊரின் லட்சணம் தெரிந்தது. முன்பு கண்ணை மூடிக்கொண்டு போட்டவர்களில் பாதிப் பேர் இப்போது போடவில்லை. பிள்ளைகள் பந்து ஆடட்டுமே என்றார்கள். வயதுக்கு வந்த பெண் வில்லைத் தூக்கிக்கொண்டு திரிவது நன்றாகவா இருக்கிறது என்றார்கள். கோபம் தலைக்கு ஏறினாலும் அடுத்த வாசலுக்குப் போனேன். முன்பு எனக்காகப் போட்டது ஆதரவு இல்லை, தாட்சண்யம். இப்போது நாலு தாள் இரண்டு தாளாக இளைத்துவிட்டது, ஆனால் இந்த இரண்டில் இருப்பவர்கள் விஷயம் தெரிந்து போட்டவர்கள். கன்னியம்மா முழுதும் கேட்டுவிட்டு மைப்பெட்டியை அவளே எடுத்துத் திறந்தாள்.

"நான் அன்னிக்கி ரேக வெச்சது வில்லுக்கு. எந்த ஆபீசுல வேணா வந்து சொல்றேன், கூட்டிக்கினு போ."

வரும் திங்கட்கிழமை தாலுகா ஆபீசில் இரண்டு மனுவையும் வைத்து விசாரணை. முதல் மனு பொய் என்று நான் சொன்னால், அதே கையெழுத்து, அதே ஆட்கள், எதை நம்புவது என்று கேட்பார்கள். அந்த மனுவை எழுதினவன் வந்து நின்று, இவர்கள் கேட்டது வேறு, நான் எழுதினது வேறு என்று சொன்னால்தான் எடுபடும். சொன்னால் உனக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் வராது என்று பொய் சொல்லி உன்னைக் கூப்பிட மாட்டேன். கம்பெனிக்குத் தெரியலாம். படப்பைக்கும் தெரியலாம். தெரிந்த பிறகும் உன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்கிற பெண்ணாக இருந்தால் நீ கொடுத்து வைத்தவன். நீ வராவிட்டாலும் தை மாதம் நான் மணவறைக்கு வருவேன், அட்சதை போடுவேன். அதை வைத்து உன்னை மிரட்டுகிற அளவுக்கு நான் மட்டமானவள் இல்லை.

சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடித்து பஸ் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துவிடலாம். கோமளா பின்பக்கம் இருப்பாள். முப்பது மீட்டர் வேண்டிய இடத்தில் பத்தடிதான் இருக்கிறது, அங்கே அரிசிக் கோணியில் வைக்கோலை அடைத்துத் தொங்கவிட்டு எய்துகொண்டிருக்கிறாள். அவ்வளவு கிட்டத்தில் எய்தால் போட்டிக்கு உதவாது என்று அவளுக்கும் தெரியும், ஆனாலும் விடவில்லை. உன்னைப் பார்த்ததும் வில்லைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடிவந்து உன் பையை வாங்குவாள். ஒன்பது நாளாக என்னிடம் பேசாததையெல்லாம் உன்னிடம் சொல்ல ஆரம்பிப்பாள். என்னைப் பற்றித்தான் சொல்வாள். முழுதும் சொல்ல விடு. முடித்த பிறகு சொல். நான் அடுப்படியில் இருப்பேன், வெளியே வர மாட்டேன். உனக்குப் பதிலாக ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

இதோடு புது மனுவின் முதல் தாளை வைத்திருக்கிறேன். மேலே முழுதும் எழுதியிருக்கிறது, வாசித்துப் பார். கீழே என் கையெழுத்து இரண்டாவதாக இருக்கும். முதல் இடம் காலியாக இருக்கிறது.

அம்மா